கோழிக் கழுத்து

மூன்று நாளாய் அவரும் நானும் கதைப்பதில்லை.
லீசிங் காசு, அதன் வட்டி,
அவருடைய தங்கச்சிக்கு நான் போனில் சொன்ன ஒரு சொல்.
அதற்குள் போயா விடுமுறை வந்துவிட்டது.
பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு
எங்கள் கோபத்துக்கு முந்தியது.

ஒரே மோட்டார்சைக்கிள்.
டாங்கிக்கு மேல் துர்க்கேஷ், பிறகு அவர்,
பிறகு வாளியைக் கட்டிப்பிடித்தபடி லோஜனா, கடைசியில் நான்.
கொக்குவிலில் இருந்து நாவற்குழி வரைக்கும்
அவர் முதுகுக்கும் என் மூக்குக்கும் நடுவில்
மகளுடைய இரட்டைப் பின்னல்.

பாலம் தாண்டி, கண்டல் பற்றைக்குப் பின்னால்
முழங்கால் தண்ணீர்.
அவர் உறையைப் பிரித்தார்:
டொரொண்டோவில் இருந்து அத்தான் அனுப்பின தூண்டில்.
அடுக்கடுக்காய் நீளும், சில்லுச் சுற்றும்,
மீனைத் தவிர எல்லாம் பிடிக்கும்.
முதலில் சாதாழை. பிறகு யாரோ எறிந்த உரப்பை.
மூன்றாவது வீச்சில் சொந்தச் சேட்டுக் கொலர்.

மகளிடம் இருந்தது சணல் கயிறு.
நுனியில், இறைச்சிக் கடையில் சும்மா கேட்டு வாங்கி
பிறிட்ஜில் இரண்டு நாள் மணந்த கோழிக் கழுத்து.

"லோஜி, அம்மாட்டக் கேள், கத்தி எங்கயாம்?"
"அப்பாட்டச் சொல்லு, பையுக்குள்ளயாம்."
அவள் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.
ரெண்டு பேருக்கும் காது கேக்கும்தானே
என்பதுபோல் ஒருக்கால் திரும்பிப் பார்த்தாள்.
மறுபடி கயிற்றைப் பார்த்தாள்.

கயிறு இறுகியது.
"ஒருத்தரும் மூச்சு விடாதேங்கோ."
ஒரு விரற்கடை. இன்னொரு விரற்கடை.
அந்த நேரம் பார்த்து ரெயில் பாலத்தில் ரெயில்.
தண்ணீரே நடுங்கியது.
கலங்கலுக்குள் நீலக் கால்கள் தெரிந்தன.
கழுத்தை விட்டிருந்தால் அது தப்பியிருக்கும்.
விடவில்லை.

பிள்ளை என் அரிதட்டை எடுத்து அடியில் கொடுத்தபோதுதான்
வீட்டிலிருந்து அதைக் களவெடுத்து வந்தது தெரிந்தது.
நாளைக்கு எதில் மா அரிக்கிறது?
கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர்
எல்லாம் தெரிந்தவர்போல் பின்பக்கத்தால் பிடிக்கப் போய்...

"நிலோ!"

மூன்று நாளுக்குப் பிறகு என்னுடைய பெயர்,
கொக்குகள் எழும்பிப் பறக்கிற சத்தத்தில்.
"கையைத் தண்ணிக்குள்ள வையுங்கோ! உதறாதேங்கோ!
தண்ணிக்குள்ள!"
மணிக்கட்டைப் பிடித்து நானே அமிழ்த்தினேன்.
கீழே அரிதட்டு. நண்டு யோசித்தது.
யோசித்துக் கட்டைவிரலை விட்டது.
துர்க்கேஷ் கை தட்டினான், நண்டுக்கு.

பிறகும் கதைக்கவில்லை.
அடுத்ததாய் வந்ததன் வயிற்றில் செம்மஞ்சள் சினை.
மகள் தானாகவே கொண்டுபோய் விட்டாள்,
கால் நனைய, நெடுந்தூரம் நடந்து.
கடைசிக் கணக்கு: நண்டு ஒன்று, இறால் நாலு,
பெற்றோல் அறுநூறு ரூபாய்.
வழியில் அரைக்கிலோ நண்டு வாங்கினோம்,
பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் காட்ட.

வாங்கியதைக் குழம்பு வைத்தேன்.
பிடித்ததைத் தொடவேண்டாம் என்று
சத்தியம் வாங்கிக்கொண்டு அவள் படுத்துவிட்டாள்.

இரவு குசினியில் வாளி சுரண்டுகிற சத்தம்.
நிற்கும். திரும்பத் தொடங்கும்.
நித்திரைபோல் இரண்டு பேரும் கிடந்தோம்.

"மூடிக்கு மேல பாரம் வைச்சனியோ?"
"அம்மிக்குழவி வைச்சன்."
"காணுமோ?"
"காணும்."

வட்டியைப் பற்றி ஒன்றும் இல்லை.
தங்கச்சியைப் பற்றியும் இல்லை.
கொஞ்ச நேரத்தில், நான் சீலைத்துண்டு சுற்றிவிட்ட
அந்தப் பருத்த கட்டைவிரல்
என் தலையணை ஓரத்தில் வந்து கிடந்தது.
எத்தனை சவர்க்காரம் போட்டாரோ தெரியாது,
இன்னும் மணந்தது
கோழிக் கழுத்து.