நகல் முதலில் இறங்கும்

குதைபியாவில் ஒரு கோல்ட் ஸ்டோருக்கு மேல்மாடி.
வியாழன் இரவு, மணி பத்து.
ஏசி சொட்டும் தண்ணீருக்கு
பெயிண்ட் வாளி வைத்திருக்கிறார்கள்.
ஏழு மேசை. பெண் என்று நான் ஒருத்தி.

எதிரே சதக், காயல்பட்டினம்,
துறைமுகத்தில் சரக்கு கிளியரன்ஸ்.
அட்டையை விரலால் சுண்டிச் சுண்டி
யோசிப்பதாக நடிப்பான்.

என் பக்கம் இருந்தது ஒரே உயிர்:
நீலக் கொக்கு.
எந்தப் பாக்கெட்டைப் பிரித்தும் வராமல்
ஒரு பிலிப்பினோ நர்ஸிடம்
இரண்டு தினார் கொடுத்து வாங்கியது.

சதக் நான்கு சக்தியைச் சாய்த்தான்.
"செந்நாக்கு. ஓர் உயிருக்கு நான்கு காயம்,
பிறகு ஓர் அட்டை எடு.
இலக்கு, உன் கொக்கு."

எறியும்போதே இலக்கைச் சொல்லிவிட வேண்டும்.
முகவரி எழுதாத பெட்டியை
எந்தக் கப்பலும் ஏற்றாது, அவனுக்குத் தெரியும்.

என் கையில் எதிரொலி இருந்தது.
வந்துகொண்டிருக்கும் மந்திரத்துக்கு ஒரு நகல்;
விரும்பினால் நகலுக்குப் புது இலக்கு.

நகலுக்கு யாரும் விலை கொடுப்பதில்லை.
அதை யாரும் எறிவதும் இல்லை,
அது பிறப்பதே பாதி வழியில்.
"எறியும்போதெல்லாம்" என்று தொடங்கும் சலுகை எதுவும்
அதற்குச் செல்லாது.
இந்த விதியை முதலில் படித்த அன்று
எங்கள் மேலாளரை நினைத்துச் சிரித்தேன்.
துபாய்த் தலைமையகம் அவரைத் திட்டும்,
காலாண்டு டார்கெட் எங்கே என்று.
போனை வைத்த அதே நிமிடம்
அதே சொல், அதே சூடு, அதே "எங்கே"
கதவைத் திறந்துகொண்டு வரும்.
புது இலக்கு சொல்ல
அவர் ஒருநாளும் மறந்ததில்லை.
மூன்றாவது மேசை. நான்.

நான் மறந்தேன்.

எதிரொலியை வைத்த பெருமையில்
"இறங்கட்டும்" என்றேன்.
"இறங்கட்டுமா?" இரண்டு முறை கேட்டான் சதக்.
அது அவன் நேர்மை.
"இறங்கட்டும்யா."

பிறகுதான் உறைத்தது. கையைத் தூக்கினேன்.
நடுவர் ரோடெல் வந்தான், வாயில் பாதி ஷவர்மா.
"இலக்கை மாற்றினாயா?"
"மனசில் மாற்றினேன்."
"மனசு மேசையில் இல்லையே."

மாற்றாத நகல் பழைய இலக்கையே பிடித்துக்கொள்ளும்.
கடைசியாக வந்தது முதலில் இறங்கும்,
ஜும்ஆ முடிந்த வாசலில்
மேலே கிடக்கும் செருப்பு முதலில் கிளம்புவது போல.

என் தீ என் கொக்கை எரித்தது.
பக்கத்து மேசை "ச்சே" கொட்டியது.
கொக்கைக் குவியலில் போட்டேன்.
நகலைப் போட எதுவும் இல்லை,
அதற்கென்று ஓர் அட்டை இருந்தால்தானே.

"இனி என்னோடது" என்று
சதக் தன் கட்டின்மேல் கை வைத்தான்.
"நில்," என்றான் ரோடெல். விழுங்கினான்.
"உன் இலக்கு எங்கே?"

கொக்கு இருந்த இடத்தில்
மேசைவிரிப்பில் ஒரு டீக்கறை.
ஒரே இலக்கும் போய்விட்டால்
மந்திரம் முழுக்க அவிந்துபோகும்:
காயமும் இல்லை, அட்டையும் இல்லை.
நான்கு சக்தி தண்டம்.
ரோடெல் என் பக்கம் திரும்பினான்.
"நீ உன் அட்டையை இன்னும் எடுக்கவே இல்லை.
நகல் இறங்கியதே. நகல் உன்னுடையது."

சதக் அந்த விதியை மூன்று முறை சொல்லச் சொன்னான்.
பிறகு ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டைப் பார்ப்பதுபோல்
செந்நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் எடுத்தேன். பெரிய அட்டை ஒன்றும் இல்லை,
சாதா நிலம், சக்திக்கு.
படத்தில் ஓர் ஆறு.
ஆறே இல்லாத இந்தத் தீவில்
வளைந்து, அகலமாய், ஓர் ஆறு.

பதினொன்றரைக்கு ஆட்டத்தைத் தோற்றேன்.
அது வேறு கதை.

ஞாயிறு காலை
மேலாளர் அறையில் போன் அடித்தது.
"எஸ் சார், எஸ் சார்" கேட்டது.
எழுந்து பேன்ட்ரிக்குப் போனேன்.
கெட்டில் கொதிக்கும்வரை
மூன்றாவது மேசையில் யாரும் இல்லை.