கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம்

வண்டியை நிறுத்தும்போதே நிக்காசியோ சொன்னான்:
"சீலோலிப் பாலையில் ஒரு கல், பசீலியா.
உப்புப் பெறாத விஷயம். டயரை மட்டும் பார்."
ஊயூனிக்கு வந்து ஒருவன்
உப்புப் பெறாது என்று சொன்னால்
நான் முதலில் பார்ப்பது அவன் வண்டியின் அடிவயிற்றை.

டயரையும் பார்த்தேன், கேட்டுவிட்டானே.
முன் இடது இருபத்திரண்டு, வலது முப்பது.
காற்றடித்து ரயில் பாதைவரை ஓட்டிப் போனேன்.
கையை எடுத்தால் இன்னமும் இடப்பக்கம்தான்,
முன்பைவிடக் கொஞ்சம் கூச்சத்தோடு.
அறுபதில் ஒரு நடுக்கம்.
எழுபதில் ஸ்டீயரிங் என் முழங்கைவரை பிடித்து உலுக்கியது.
எண்பதுக்கு நான் போகவில்லை.
எனக்கும் பிள்ளைகள் உண்டு.

சக்கரத்தின் உள்விளிம்பில் சேறு காய்ந்து
ஒரே பக்கமாய்ச் செங்கல் கனத்தில் ஒட்டியிருந்தது.
உளியால் பெயர்த்தேன்.
பாதி நடுக்கம் அதோடு போயிற்று.
மீதிப் பாதி?

ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைத்
தலையும் காலுமாய்ப் பிடித்து அசைத்தேன்.
டக்.
பேரிங்கா, அதற்கும் உள்ளே இருக்கும் நக்கிளா?
பிரேக்கை மிதிக்க ஒரு ஆள் வேண்டும்.
அவனோ தெருமுனையில், முதுகைக் காட்டிக்கொண்டு,
போனில் யாருக்கோ "சரி, சரி" என்றுகொண்டிருந்தான்.

பின்சீட்டுப் போர்வை அசைந்தது.
"நான் மிதிக்கிறேன்."
அவன் மகள் சுலேமா, ஒன்பது வயது.
உட்கார்ந்தால் கால் எட்டாது என்று
ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு நின்றே மிதித்தாள்.
டக் நின்றது. அப்படியானால் பேரிங்தான்.
இறுக்கினால் தீரும்.

வண்டியை இறக்கி, நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து,
இன்ஜினை ஓடவிட்டுக் கீழே படுத்தேன்.
"கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம்.
நான் நிறுத்து என்னும்வரை."

கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும்.
ஸ்டீயரிங் பாக்ஸின் போல்ட்டுகள் உறுதி.
டேம்பரில் எண்ணெய்த் தடம், ஆனால் பழசு.
(டேம்பர் நோயை மூடி வைக்கும், நோயைத் தராது.
புதுசு மாட்டிக் காசு வாங்கி அனுப்புகிறவர்கள்
இந்தத் தெருவிலேயே இருவர் இருக்கிறார்கள்.)
இடது டை ராட் நுனியில்
விழப்போகும் பால்பல்லாய் ஆடியது பந்து மூட்டு.
ராடே வளைந்திருந்தது.
நூல் பிடித்து அளந்தேன். இரு சக்கரத்துக்கும் நடுவே
முன்பக்கம் பதினோரு மில்லிமீட்டர் அகலம் கூட.
ஒரே அச்சில் இருந்துகொண்டு
ஆளுக்கொரு ஊருக்குப் புறப்பட்டிருந்தன.

கல் பட்டால் கீறல் விழும்.
இங்கே கீறல் இல்லை.
வளைவின் மடியில் விரல் வைத்தேன், நாக்கில் வைத்தேன்.
ஈரம் காயாத உப்பு.
பெயர்த்த சேறும் பாலையின் மணல் அல்ல,
உப்புத் தோட்டுக்கு அடியில் கிடக்கும் கரிய களி.

மேலே இடம், வலம், இடம்.
அதே தாளத்தில் அவள் பேசினாள்:
"அப்பா லைட்டை அணைத்துவிட்டார்.
தரையெல்லாம் தண்ணீர்.
நட்சத்திரம் கீழேயும் இருந்தது.
முன்னால் போன வண்டிக்கு நம்பரே இல்லை.
அப்புறம் தரை உடைந்துவிட்டது."

"நிறுத்து" என்றேன்.
ஸ்டீயரிங்கைத்தான் சொன்னேன்.
இரண்டையும் நிறுத்திவிட்டாள்.

பில் எழுதினேன்:
டை ராட் ஒன்று, மூட்டு இரண்டு, பேரிங்குக்குக் கிரீஸ்.
என்ன காரணம் என்ற கட்டத்தைக் காலியாய் விட்டேன்.
உதவிக் கூலி, சுலேமா, பத்து பொலிவியானோ.
நிக்காசியோ அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தான்.
படித்துவிட்டு அவளைப் பார்த்தான்.
அவள் என் கிரீஸ் டப்பாவைப் பார்த்தாள்.

"அடியை நல்ல தண்ணீரில் கழுவு, இன்று ராத்திரியே.
இல்லையென்றால் புது ராடையும் உப்பு தின்றுவிடும்."
"இன்று ராத்திரி முடியாதே" என்றவன்
வாயை மூடிக்கொண்டான், சொல் வெளியே போன பிறகு.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
சுலேமா போர்வையை இழுத்துக்கொண்டு இறங்கி வந்து
என் ஸ்பேனர் பெட்டிமேல் உட்கார்ந்தாள்.