நாலு இலக்கம்

செல்லூரில் நூற்றி முப்பத்தாறு வீட்டுக்கு
நான்தான் கேபிள்.
மாசம் அஞ்சாம் தேதி ரசீதுப் புத்தகத்தோடு போனால்
காசோடு ஒரு வேலையும் கொடுப்பார்கள்:
"தம்பி, அந்த ராத்திரிக் காமெடியை
பிள்ளைக பாக்காதபடி பூட்டிட்டுப் போங்க."
நாலு இலக்கம். அரை நிமிஷம்.
தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி நான் எண்ணைச் சொல்ல
காலண்டர் ஓரத்தில் குறித்துவைப்பார்கள்,
பிள்ளை எட்டிப் படிக்கிற உயரத்தில்.

என் வீட்டில் பூட்டவில்லை.

ஒன்பதரைக்கு வருவாள் கோமதி.
விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை.
உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறார்கள்,
உட்காரத்தான் நேரம் போடவில்லை.
வெந்நீரில் காலை வைத்ததும் ரிமோட்டுக்குக் கை நீளும்.
சேலை கட்டிய ஆம்பளை ஒருத்தன்
மேடையில் வழுக்கி விழுவான்.
இவள் சிரிக்கிற சிரிப்பில் பேசின் தளும்பி
தரையெல்லாம் ஈரமாகும்.
காலையிலிருந்து அவள் சிரித்ததெல்லாம்
சேலை எடுக்க வந்தவர்களுக்கு.
இது ஒன்றுதான் அவளுக்கு.
இதைப் போய்ப் பூட்டவா?

பிள்ளைகள் ரெண்டும் பாயில்.
தூங்குகிற மாதிரி.

ஒருநாள், புருஷன் வெளியூர் போன வீட்டுக்காரி
பக்கத்து வீட்டுக்காரனிடம் குழைகிறாள்:
"பூட்டு பழசுங்க, சாவிதான் சேரமாட்டேங்குது."
கோமதி முந்தானையால் வாயைப் பொத்தினாள்.
நான் சத்தத்தைக் குறைத்தேன்,
குறைத்தால் அர்த்தமும் குறையும் என்பதுபோல.
போர்வைக்குள்ளிருந்து லத்திகா, ஆறு வயசு:
"தேங்காண்ணெ விடச் சொல்லுப்பா.
நம்ம பூட்டுக்கு நீ விட்டேல்ல."
நாங்கள் சிரித்து உருண்டதைப் பார்த்து
தானும் சிரித்தாள்.
எதற்கென்று தெரியாமலே,
எங்களைவிடச் சத்தமாக.

மறுநாள் பூட்டிவிட்டேன்.
மூன்றாம் நாள் மிதுன் திறந்துவிட்டான்.
"ஒன் வண்டி நம்பர்தானப்பா."
திறந்ததோடு சரி, பார்த்தது கிரிக்கெட்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை.
பூட்டாத சேனல். சாயங்காலம் ஏழு மணி.
குடும்பத்தோடு பாருங்கள் என்று கீழே எழுத்து ஓடுகிறது.
கறுத்த பெண் ஒருத்தியை மேடைக்கு அழைத்தார்கள்.
"கரண்டு போச்சுன்னா பல்லைக் காட்டும்மா,
எங்க நிக்கிறேன்னு தெரியட்டும்."
கூட்டம் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள்.
மாமனார் சிரித்தார்.
வாயில் பாதிப் பணியாரத்தோடு
புரையேறப் புரையேற நான் சிரித்தேன்.
ரெட்டை அர்த்தம் இல்லை இதில்.
ஒரே அர்த்தம்.

திங்கட்கிழமை பவுடர் டப்பா பாதி காலி.
கழுத்துவரை வெள்ளை பூசிக்கொண்டவள்
ஸ்கூல் ஆட்டோவில் ஒரு காலை வைத்தபடி கேட்டாள்:
"கரண்டு போனா நான் தெரிவேனாப்பா?"

என்னமோ சொன்னேன்.
என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை.
ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு மீனாம்பாள்புரத்தில் ஒரு வீடு.
"பூட்டிட்டுப் போங்க தம்பி."
எதைம்மா?
"அதான், அசிங்கமா வர்றதை."
ரிமோட்டை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
அந்தம்மா மோர் வேணுமா என்று கேட்டாள்.

இன்றைக்கும் ஒன்பதரை.
வெந்நீர். பேசின்.
சேலை கட்டியவன் விழுந்தான்,
கோமதி சிரித்தாள், தரை நனைந்தது.
அதை விட்டுவிட்டேன்.
அடுத்து நிறத்தை வைத்து ஒன்று வந்தது.

பாயின் பக்கம் திரும்பினேன்.
லத்திகா தூங்கவில்லை.
டிவியையும் பார்க்கவில்லை.
என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.