ஐயம் இருந்தால் படகு

தங்கச்சிமடம் மெயின் ரோட்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல் எங்கள் கடல்.
ஏழு லேப்டாப், இரண்டு மின்விசிறி,
ஒன்று மட்டும் சுற்றும்.
இரவு பத்துக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நாங்கள் கட்டம் போடுவோம்.

வேலை எளிது.
உயரத்திலிருந்து எதுவோ எடுத்த படம் வரும்,
கறுப்பில் சூடு மட்டும் வெள்ளையாய்த் தெரியும் படம்.
படகைச் சுற்றி ஒரு கட்டம்.
ஆளைச் சுற்றி ஒரு கட்டம்.
அலைக்கும் பறவைக்கும் வேறு நிறம்.
கட்டத்துக்கு முப்பத்தைந்து பைசா.
விதிப்புத்தகம் பன்னிரண்டு பக்கம்;
நாலாம் பக்கத்தில் தடித்த எழுத்தில்:
ஐயம் இருந்தால் படகு என்றே குறிக்கவும்.

யாருக்கு என்று எழுதியிருக்கவில்லை.
படத்தில் தேதி இல்லை, திசை இல்லை.
மதுரையிலிருந்து பேசும் சுபாகரன் சார்
"மீன்வளத்தைக் கணக்கெடுக்கறாங்கம்மா" என்றார் ஒருமுறை.
இன்னொருமுறை, "புயல்ல காணாமப் போனா தேடறதுக்கு."
இரண்டும் நல்ல காரியம்.
இரண்டையும் நம்பினோம்.
சனிக்கிழமை தோறும் சம்பளம் வந்தது.

கரையில் நின்று பார்த்த கடலை
மேலேயிருந்து பார்க்கிறோம் என்று
சின்னக் கர்வமும் இருந்தது, மறைப்பானேன்.
என் துல்லியம் தொண்ணூற்றெட்டு.
அம்மா அதைத் தெருவெல்லாம் சொன்னாள்,
எதில் தொண்ணூற்றெட்டு என்று தெரியாமலே.

தை மாதம் ஒரு படம்.
இன்ஜின் ஒரு வெள்ளைக் கட்டி.
ஆட்கள் ஐந்து அரிசி.
அணியத்தில் தனியாக ஒரு பொட்டு, கொதிக்கும் வெள்ளை.
அடுப்பு.
எல்லோரும் அடுப்பைப் பின்னால், காற்று மறைவில் வைப்பார்கள்.
டீசல் வாடையில் டீ இறங்காது என்று
அணியத்துக்குக் கொண்டுபோய் வைப்பவர்
இந்தத் தீவிலேயே ஒருவர்தான்,
என் மாமா மிக்கேல்பிச்சை.

சிரித்துவிட்டேன்.
"மாமா டீ போடுறார் பாரு" என்றேன் எமல்டாவிடம்.
அப்புறம் கட்டம் போட்டேன்.
படகுக்கு ஒன்று. ஆளுக்கு ஐந்து.
அடுப்புக்கு வகை இல்லை; 'பிற' என்று ஒன்று.
இரண்டு ரூபாய் நாற்பத்தைந்து பைசா.

பத்தொன்பதாம் நாள் மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அந்தப் படம்தான் என்று சொல்ல மாட்டேன்.
எத்தனையோ படகு, எத்தனையோ கண்.
காற்று தள்ளியிருக்கலாம், மீன் இழுத்திருக்கலாம்.
அந்தப் பக்கத்து வலைகள் மேல்
எங்கள் மடி ஏறிப் போனதும் உண்டு,
அதை இங்கே யாரும் உரக்கச் சொல்வதில்லை.

நாற்பத்தொரு நாள் கழித்து ஆள் வந்தார்,
படகு வரவில்லை.
சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்:
"லைட்ட அணைச்சுட்டோம். இன்ஜினையும் நிறுத்தியாச்சு.
அந்த இருட்டுல எப்படி நேரா வந்தாய்ங்க?"
யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.
நான் குழம்பு ஊற்றினேன்.
அணைத்த அடுப்பு ஆற எவ்வளவு நேரமாகும் என்று
எனக்குத் தெரியும்.

கேள்விப் பெட்டியில் எழுதினேன்:
இந்தப் படங்கள் யாரிடம் போகின்றன?
ஐந்து நொடியில் பதில்.
தங்கள் கருத்துக்கு நன்றி.
தங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது.

சுபாகரன் சாரைக் கேட்டேன்.
அவருக்கு மேலே ஹைதராபாத்,
ஹைதராபாத்துக்கு மேலே ஒரு மின்னஞ்சல் முகவரி.
பொய் சொல்லவில்லை அவர், குரலில் தெரிந்தது.
திருக்கையை வெட்டிப் பங்கு போட்டாயிற்று;
முள் யார் பங்கில் போனது?

வேலையை விடவில்லை.
மாமாவின் வக்கீல் கடன் அந்தச் சம்பளத்தில்தான் கழிகிறது.

நேற்று ராத்திரி ஒரு படம்.
சின்ன வத்தை, இரண்டு ஆள்.
வத்தையை அலை என்று குறித்தேன்.
இரண்டு பேரையும் பறவை என்று குறித்தேன்.
நிம்மதியாகத்தான் இருந்தது,
வீட்டுக்கு நடக்கும்போது நினைவு வரும்வரை:
ஒருவேளை உண்மையிலேயே
புயலில் தேடுகிறவர்களாயிருந்தால்?

விடியுமுன் திரும்பி ஓடினேன்.
சரிபார்ப்பில் எமல்டா திருத்தியிருந்தாள்.
படகு ஒன்று. ஆள் இரண்டு.
நல்ல கண் அவளுக்கு.