வெற்று எடை

டுலூத் துறைமுகத்தில், தானியக் கிடங்கின் வாசலில்
பத்தொன்பது வருடமாக லாரிகளை நிறுக்கிறேன்.
பாரத்தோடு வரும்போது ஒரு தடவை,
இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு தடவை.
இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு.
ரசீதின் அடியில் கையெழுத்து: மார்லிஸ் ஹியெத்தலா.

எனக்கும் ஒரு ரசீது உண்டு.
வந்தபோது முந்நூற்று இருபத்தாறு பவுண்டு.
இப்போது நூற்று எழுபத்தொன்று.
இறக்கியதை எங்கே கொட்டினார்கள் என்று
யாரும் எழுதித் தரவில்லை.

அப்போதெல்லாம் வேலை முடிந்ததும்
இரண்டு கடைகளின் ஜன்னலில் காரை நிறுத்துவேன்.
முதலாவதில் எனக்கு.
இரண்டாவதில், வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பதுபோல
மூன்று விதமான குளிர்பானம் சொல்வேன்.
"சின்னவனுக்கு வெங்காயம் ஆகாது."
இல்லாத பிள்ளைக்கு எப்போதும் வெங்காயம் ஆகாது.

ஏரியைப் பார்த்தபடி, இன்ஜினை அணைக்காமல் தின்பேன்.
ருசி நாலு வாயில் தீர்ந்துவிடும்.
அதற்குப் பிறகு தின்றது யாரென்று தெரியவில்லை.
காகிதங்களை ஸ்டெப்னி டயருக்கு அடியில் அமுக்கிவிட்டு
ஆர்லனோடு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காருவேன்,
பசித்தவள் மாதிரி.

சாண் வயிறு என்பார்கள்.
அதை அறுத்துத் தைத்துக் கோழிமுட்டை ஆக்கினார்கள்.
டாக்டர் படம் வரைந்து காட்டினார்,
இது போய்விடும், இது இங்கே சேரும்.
முன்னதாக ஒரு படிவம். குடிப்பீர்களா?
கிறிஸ்துமஸுக்கு ஒரு கோப்பை, என்று எழுதினேன்.
அது உண்மை.
எழுதிய அன்று உண்மை.

மருந்து மூடியில் அளந்து சூப் குடித்தேன்.
ஒரு துண்டு கேக்குக்கு
குளியலறைத் தரையில் நாற்பது நிமிடம்,
வேர்வை, படபடப்பு, டைல்ஸின் குளிர்ச்சி.
முப்பது வருடச் சிநேகம், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.
ஜனவரியில் கல்யாண மோதிரம் கழன்று பனியில் விழுந்தது.
ஆர்லன் சிரித்துக்கொண்டே சல்லடையோடு தேடினான்.
லாரிக்காரர்கள் கண்ணாடியை இறக்கிக் கத்தினார்கள்:
"பாதி ஆளைக் காணோமே, மார்லிஸ்!"
நானும்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் மகள் கல்யாணத்தில் அரைக் கோப்பை வைன்.
தைத்த குடலில் அது நிற்கவில்லை,
நேராக ரத்தத்துக்குப் போனது.
மூன்றே நிமிடத்தில் உள்ளே யாரோ
விளக்கை அணைத்துப் பாய் விரித்தார்கள்.

பசி காலி செய்த வீட்டில்
குடி வந்தது.

வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலில் வோட்கா,
நீலத்துக்கு இரண்டு சொட்டுச் சாயம்.
எங்கே ஒளிப்பது என்று யோசிக்கவே இல்லை,
கை தானாக ஸ்டெப்னிக்கு அடியில் போனது.
விரலில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது:
கெச்சப் காய்ந்த பழைய சீட்டு,
"வெங்காயம் இல்லாமல்."

மார்ச்சில் ஓர் இரவு, லாரி வராத நேரம்
எடைமேடையில் நானே ஏறி நின்றேன்.
இருபது பவுண்டுக்குக் குறைந்த எதையும் அது கணக்கில் எடுக்காது.
கோட்டுப் பையில் பாட்டிலோடு ஒரு தடவை: நூற்று எண்பது.
பாட்டிலைப் படியில் வைத்துவிட்டு ஒரு தடவை: நூற்று எண்பது.
இயந்திரம் ரசீது துப்பியது.
சரக்கு: பூஜ்யம்.

இன்று செவ்வாய். லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளம்,
இரும்பு நாற்காலிகள், கொதித்துக் கறுத்த காபி.
குடியை விட்டவர்கள் ஆளுக்கொரு டோனட் எடுக்கிறார்கள்.
தட்டு என்னிடம் வருகிறது.
அடுத்தவருக்குத் தள்ளுகிறேன்.
என் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை.

வெளியே ஆர்லன் காரோடு நிற்கிறான்.
பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டதாம்,
ஸ்டெப்னியை மாட்ட வேண்டுமாம்.
"நீ உட்கார், நான் மாட்டுகிறேன்" என்றேன் அவசரமாக.
டிக்கி வரைக்கும் போனேன்.
பனி லேசாகத் தூற ஆரம்பித்தது.

திரும்பி வந்து
சாவியை அவன் கையில் வைத்தேன்.