நான்காவது வரிசை இருமல்

பெட்டி வந்த அன்று
மகாராஜநகர் மாடிப்படி ஏறி வந்த கூரியர் பையன்
மூச்சு வாங்கக் கேட்டான்:
"உள்ள அம்மிக்கல்லா சார்?"
ஒரு கிலோ அலுமினியம், மூணு கிலோ நம்பிக்கை
என்று மசூது பிறகு எடை போட்டான்.

ஸ்ட்ரீமர்.
இணையத்திலிருந்து பாட்டை வாங்கி
அடுத்த பெட்டியிடம் நீட்டும். அவ்வளவுதான்.
எண்ணை ஒலியாக்குவது அடுத்த பெட்டியின் பாடு.
"தபால்காரன் சட்டைக்கு இஸ்திரி போட்டா
கடுதாசியில கையெழுத்து அழகாயிருமா வே?"
மேலப்பாளையத்தில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறவன் மசூது.
கை குலுக்கினால் நமக்கும் ஈயம் மணக்கும்.

நான் கூட்டுறவு வங்கிக் கணக்காளன்.
பத்துப் பைசா இடித்தால் தூக்கம் போய்விடும் ஆள்.
சுழியும் ஒன்றும் எந்த வழியாக வந்தாலும்
சுழியும் ஒன்றும்தான் என்று எனக்கும் தெரியும்.
ஆனாலும் கேட்டேன்.
சத்தியமாகக் கேட்டேன்.

ஒரு வீணைப் பதிவு வைத்திருக்கிறேன்.
எந்த ஊர் அரங்கு, எந்த வருடம், தெரியாது.
தானம் அடங்கும் இடத்தில் யாரோ இருமுவார்.
லேப்டாப் வழியாக வந்தால் அது வெறும் இருமல்.
புதுப் பெட்டி வழியாக
அவர் நான்காவது வரிசையில் இருந்தார்,
இடது ஓரம்,
துண்டால் வாயைப் பொத்தியிருந்தார்,
அறுபதைத் தாண்டியவர், புகையிலை உண்டு,
பக்கத்து நாற்காலி காலி.

ஆவுடைச்செல்வி பொறுமையாகக் கேட்டுவிட்டு,
"அவரு ஆதார் நம்பரும் கேக்குதா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. அக்னி நட்சத்திரம் நான்காம் நாள்.
மசூது மீட்டரோடு வந்து இறங்கினான்.
"புதுசுல அரை டெசிபல் தூக்கலா இருக்கு.
சத்தம் கூடுனா அழகும் கூடுன மாதிரி இருக்கும் வே.
மொதல்ல சமம் பண்ணுவோம்."
பண்ணினான்.
ஆவுடையின் துப்பட்டாவால் என் கண்ணைக் கட்டினார்கள்.
பன்னிரண்டு முறை மாற்றி மாற்றிப் போட்டார்கள்,
கிழித்த நாட்காட்டித் தாளின் முதுகில்
அவள் குறித்துக்கொண்டே வந்தாள்.

முதலாவது: புதுசு, சந்தேகமில்லை.
இரண்டாவது: பழசு, திரைக்குப் பின்னால் வாசிக்கிற மாதிரி.
மூன்று, நான்கு என்ன சொன்னேனோ.
ஐந்தாவதில் எனக்குத் தொண்டை அடைத்தது.
"இதுதான்! பின்னால எவ்வளவு கருப்பு பாரு,
தந்தி அந்தரத்துல நிக்குது!"

கட்டை அவிழ்த்தபோது மசூது என்னைப் பார்க்கவில்லை.
சுத்தமாயிருந்த திருப்புளியைத்
துடைத்துக்கொண்டிருந்தான்.
பன்னிரண்டுக்கு ஆறு.
"ஒத்த ரூவாயைச் சுண்டியிருந்தாலும்
ஆறு தேறியிருக்கும் வே."

ஆவுடை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அஞ்சாவது லேப்டாப்புல்லா.
தாளு பறக்குதேன்னு அப்பதான் ஃபேனை அமத்துனேன்."

அண்ணாந்து பார்த்தேன்.
மூன்று இறக்கை, நடுவில் துரு.
எங்கள் கல்யாணத்துக்கு அவள் சித்தப்பா எழுதிய மொய்.
பதினெட்டு வருடமாக
எல்லாக் கச்சேரிக்கும் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறது.

நன்னாரி சர்பத் குடித்துவிட்டு
செருப்பு மாட்டும்போது மசூது சொன்னான்:
"பெட்டி மேல குத்தம் இல்ல. நல்ல பெட்டி.
அந்த வெறுஞ்சுவர்ல மெத்தையைச் சாத்தி வச்சுப் பாரும்,
வித்தியாசம் ஒம்ம பக்கத்து வீட்டுக்கே கேக்கும்."

மெத்தையைச் சாத்தினேன். கேட்டது.
பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை.
தவணை இன்னும் பதினொன்று,
வீட்டுக் கணக்கில் 'இதர' என்று எழுதிவருகிறேன்.

இரவு பதினொன்றரை.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆம்புலன்ஸ்
ஓய்ந்த பிறகு
ஃபேனை நிறுத்தி, பனியனைக் கழற்றிவிட்டு
உட்காருகிறேன்.
முதுகுத்தண்டில் வியர்வை இறங்குகிறது.
எல்லாம் தெரிந்த பிறகும்
அவர் நான்காவது வரிசையில்தான் இருக்கிறார்.
பக்கத்து நாற்காலி இன்னும் காலி.
தானம் அடங்கப் போகிறது,
எனக்குத் தொண்டை கரகரக்கிறது,
அடக்கிப் பார்க்கிறேன், முடியவில்லை.

உள்ளறையிலிருந்து ஆவுடை,
பாதித் தூக்கத்தில்:
"இப்ப இருமுனது நீங்களா, அவரா?"