வெற்று எடை

வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு இருநூறடி இப்பால்
முதல் புளியமரத்தருகே என் எடைமேடை.
பத்தொன்பது வருஷமாய்
வைக்கோல், தேங்காய்மட்டை, கோழித்தீவனம்,
விடியுமுன் மாட்டு லாரி.
வண்டி ஏறும், எண் நிற்கும், சீட்டு கிழியும்.
மொத்த எடை, வண்டி எடை, சரக்கு எடை.
இந்த மூன்று வரிக்கு மேல்
யாரையும் நான் அறிந்ததில்லை.

ஆடிக் காற்று கணவாய் வழியே
கண்ணில் மண் வாரிப் போட்ட ஒரு செவ்வாய்க்கிழமை
சிக்கந்தரின் குட்டியானை வந்தது.
தார்ப்பாய்க்கு அடியில்
சித்தூர் கோர்ட்டில் நான் ஜெயித்த பாகம்.
"எங்கக்கா எறக்கறது?"
"மேடையில ஏத்து" என்றேன்.
பழக்கம், வேறென்ன.

கால் ஒடிந்த தேக்கு பீரோ.
அண்டா நான்கு;
மூன்றில் அப்பா பெயர்,
ஒன்றில் யார் பெயரோ.
ஓடாத ஃபிரிட்ஜ்.
அம்மா ஒருநாளும் சாயாத சாய்வு நாற்காலி.
இந்த நாற்காலிக்காகத்தான்
சம்பூர்ணம், என் கூடப்பிறந்தவள்,
கல்யாண மண்டபத்தில் என்னைக் கண்டதும்
பரிமாறிய இலையை விட்டு
எழுந்து அடுத்த பந்திக்குப் போனாள்.
அந்த நாலாவது அண்டாவுக்காக
வக்கீல் நாராயணன்குட்டிக்கு நான் கொடுத்ததில்
நாற்பது அண்டா வாங்கியிருக்கலாம்.
வாங்கி வைக்க இடந்தான் ஏது,
இருப்பது ஒற்றை அறை.

ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு.
சிக்கந்தர் வண்டியின் வெற்று எடை எனக்கு மனப்பாடம்,
தொள்ளாயிரத்து ஐம்பது.
கழித்தேன்.
இன்னொரு தடவை, தாளில் எழுதிக் கழித்தேன்.
முந்நூற்று நாற்பது.

பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகும்
மெலிந்த மாடு ஒன்று இருக்கும் அவ்வளவு.
பதினோரு வருஷம்
அந்த மாட்டுக்குத்தான்
நாங்கள் இருவரும் ராத்தூக்கத்தை அறுத்துப் போட்டோம்.

"நீயே எடுத்துக்க" என்றேன்.
சிக்கந்தர் பீடியை வாயிலிருந்து எடுத்தான்.
"கோர்ட்டுச் சாமானுங்க. நாளைக்கு வம்பாயிரும்."
"எழுதித் தர்றேன்."
எடைச் சீட்டின் முதுகில் எழுதினேன்:
இன்ன இன்ன பொருள், இன்னாருக்கு,
என் சம்மதத்தோடு, விலையில்லாமல்.
கையெழுத்தை அவன் இரண்டு தடவை பார்த்தான்.
ஃபிரிட்ஜில் கோழி அடைக்கலாம் என்றான்.
அடைக்கலாம் என்றேன்.
எடைக் கூலி அறுபது ரூபாயை
என் பையிலிருந்து எடுத்து
என் கல்லாவில் போட்டேன்.

அந்த நிமிஷமே மனசு லேசாயிற்று என்றால் பொய்.
வண்டி திரும்பும்போது
அண்டாவில் அண்டா மோதி அலறியது.
"மெதுவாடா!" என்று கத்திவிட்டேன்,
இன்னும் என்னுடையவை போல.
அவன் பாலம் தாண்டும்வரை
காது அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போயிற்று.
பிறகு திரும்பி வந்தது.

அந்திக்கு மேல் வண்டி வரத்தில்லை.
மேடையைக் கூட்டப் போனால்
நடுவில் ஒரு நெய்க்கரண்டி கிடந்தது.
பாகப்பிரிவினைப் பட்டியலில் அது இல்லை.
யாரும் கேட்கவில்லை,
யாரும் மறுக்கவுமில்லை.
கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.
வெளிப்பலகையில் சிவப்பாய் அறுபது.
கரண்டியைக் கீழே வைத்தேன்.
அறுபது.
இறங்கி நின்று பார்த்தேன்.
கரண்டி மேடையிலேயே கிடக்கிறது,
பலகையில் பூஜ்யம்.

இந்த மேடை பத்துப் பத்தாய்த்தான் எண்ணும்.
அதற்குக் கீழே இருப்பதற்கெல்லாம்
அதற்குக் கண் தெரியாது.
இத்தனை நாள் இதைக் குறை என்றே
மெக்கானிக்கிடம் சொல்லிவந்தேன்.

வைக்கோல் லாரி ஒன்று ஹாரன் அடித்தது.
குனிந்து கரண்டியை எடுத்து உள்ளே வந்தேன்.
காற்றில் சீட்டுக்கட்டு படபடத்தது.
அதன்மேல் வைத்தேன்.
அங்கேதான் இருக்கிறது,
ஒரு கட்டுக் காகிதத்தைப் பிடித்துவைக்கும் அளவு
எடையோடு.
யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன்;
கல்லோ ஓட்டுத்துண்டோ
வைத்துக்கொண்டால் போயிற்று.